சின்ன மிஸ்ஸி கையில் ஒரு பூட்டு

அந்த மத்தியானத்தை நினைத்தால் முதலில் வருவது சத்தம்தான். ஒரு பித்தளைத் தட்டு, அதன் மேல் எட்டு லோட்டா பானகம், எல்லாம் சேர்ந்து கல் பாவிய முற்றத்தில் விழுந்த சத்தம். அதற்குப் பின்னால் ஒரு அமைதி. முப்பது நாற்பது பேர் கூடியிருந்த காதுகுத்து வீட்டில் ஒருத்தர் இருமக்கூட இல்லை.

தட்டுக்குப் பக்கத்தில் மல்லாக்கக் கிடந்தவர் சின்ன மிஸ்ஸி. பூப்போட்ட கவுன். ஒரு செருப்பு மாட்டுத் தொட்டிப் பக்கம் போய் விழுந்திருந்தது. கண் மேலே செருகியிருந்தது. இடது கால் மட்டும் வெடுக் வெடுக்கென்று துடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரி செல்லாயி அக்காதான் முதலில் ஓடினார். கம்பும் சோளமும் போட்டு வைக்கிற உள் அறைக் கதவில் தொங்கிய மாங்காய்ப் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் திண்டுக்கல் பூட்டு. அதை மிஸ்ஸியின் வலது கையில் வைத்து, விரல்களை மடக்கி, தன் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார்.

"வலிப்புடி இது. இரும்பு கையில இருந்தா நின்னுரும். எல்லாரும் தள்ளி நில்லுங்க தாயி, காத்து வரட்டும்."

அது வலிப்பு இல்லை என்று அந்த முற்றத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கீழே கிடந்தார். இன்னொருத்தி நான்.

பைபிள் மேல் ஒரு கை

போன வாரம் பெரிய மிஸ்ஸியின் சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தேன். வத்தலக்குண்டு வாசகி ஒருவர், "அந்த அம்மாவுக்குச் சொந்தபந்தம் என்று யாருமே இல்லையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இருந்தார். ஒரு தங்கை. அவரைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டிவருமே என்றுதான் இத்தனை வாரமாக மழுப்பிக்கொண்டு வந்தேன். கேட்டுவிட்டீர்கள், இனி ஒளித்துப் பிரயோசனம் இல்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது எனக்கு இருபது வயதுக்கு மேலே ஒன்றிரண்டு இருக்கும். திண்டுக்கல் ஊரை ஒட்டி இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், ஹில்டா என்ற வெள்ளைக்கார நர்சம்மாவுக்குத் துணையாள் வேலை. சனங்கள் அவரைப் பெரிய மிஸ்ஸி என்பார்கள். நான் படித்தது ஐந்தாவது. இங்கிலீஷ் கற்றுக்கொண்டது அவர் பேசுவதைக் கேட்டும், மருந்து டப்பாவில் ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டியும். என்னை மதுரைக்கு அனுப்பி நர்ஸ் படிப்பில் சேர்த்துவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். அவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டேதான் அப்போதெல்லாம் தூங்குவேன், எழுந்திருப்பேன்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு தை மாதம், சீமையிலிருந்து அவருடைய தங்கை நோரா மூன்று மாதம் தங்க வந்தார்; சனங்களுக்கு அவர் சின்ன மிஸ்ஸி. ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்த ஜட்கா வண்டிக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "இந்தம்மா மூஞ்சி சும்மா இருக்கும்போதே எதையோ முந்தியில மறச்சு வச்சிருக்கிற மாதிரி இருக்கு." மனிதர்கள் இப்படிப் போகிற போக்கில் உதிர்ப்பதை நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். அந்த வண்டிக்காரர் சொன்னது இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. அதற்கு மேல் சரியாக யாரும் அவரைச் சொல்லிவிட முடியாது.

வந்த அன்றைக்கே பெரிய மிஸ்ஸி என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் தமிழ் படித்தது பைபிளில். பேசுவதும் அப்படியே இருக்கும்.

"அருளாயி, என் சகோதரி ஒரு நடிகை. ஜனங்களை நகைக்கப்பண்ணுவது அவள் தொழில். இதை ஒருவரும் அறியலாகாது. வேதத்தின்மேல் கை வை."

வைத்தேன். எதற்கு என்றும் எனக்குத் தெரியும். குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமங்களில் அவரைப் பிரசவ அறை வரைக்கும் விட வைக்க ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அப்போதெல்லாம் கூத்தாடுகிற பெண் என்றால் பேச்சே வேறு. "நாடகக்காரி அக்காளா நம்ம பிள்ளைத்தாச்சியைத் தொடுறது?" என்று ஒரு வீட்டில் ஆரம்பித்தால் ஒன்பது வீட்டில் கதவு சாத்தும். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் உயிர் போகும்.

"கேட்டால் என்ன சொல்லட்டும் அம்மா?"

"தையல் உபாத்தினி என்று சொல்."

பைபிள் மேல் கை வைத்துக்கொண்டே ஒரு பொய்யையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றைக்குப் பிடித்த குழப்பம்.

ஒரே ஒரு தரம் நிஜமாக

நோரா மிஸ்ஸிக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. தையல் டீச்சர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் கிழிந்த ரவிக்கைகளைக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, பெரிய வைத்தியர் மாதிரித் தலையை ஆட்டி வாங்கி வைப்பார். சாயங்காலம் நான் உட்கார்ந்து தைப்பேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வார்.

அவர் சொன்னதில் எது முந்தி, எது பிந்தி என்று எனக்கு இன்றைக்கும் சரியாகப் பிடிபடவில்லை. விளங்கியதைச் சொல்கிறேன்.

அப்பா கடற்கரை ஊர் ஒன்றில் மீன் விற்றவர். அங்கே கடலுக்குள் நீளமாகப் பாலம் மாதிரி கட்டி, அதன் கோடியில் ஒரு கொட்டகை. நாடகம் நடக்கும்போது இவர் இடைவேளையில் மிட்டாய் விற்பார். பதினான்கு வயது. ஒருநாள் வேலைக்காரி வேஷம் கட்டுகிற பெண் வரவில்லை. 'இந்தத் தட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு வா' என்று இவரை உள்ளே தள்ளிவிட்டார்கள். ஜமக்காளம் தட்டி விழுந்தார். கொட்டகையே சிரித்தது. மானேஜர் வந்து, 'நாளைக்கும் விழுவாயா?' என்று கேட்டாராம்.

"நிஜமாக விழுந்தது அந்த ஒரு தரம்தான் அருள். அதற்கு அப்புறம் இருபது வருஷமாக அதையே விழுந்துகொண்டிருக்கிறேன்."

சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காரர்களுக்கு முன்னால் சேற்றில் விழுந்தார். ரேடியோவில் விழுந்தார். ரேடியோவில் விழுவது தெரியாதே, என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நான் சும்மா நிற்பேன், பக்கத்தில் ஒருவர் தகரத்தைக் கீழே போடுவார் என்றார். அப்புறம் டெலிவிஷன் வந்தது.

டெலிவிஷன் என்றால் என்னவென்று அவர் எனக்கு விளக்கியதே ஒரு தனி நாடகம். வீட்டுக்குள் ஒரு பெட்டி இருக்கும், ரேடியோவில் குரல் மட்டும் வருகிற மாதிரி இதில் ஆளாகவே வருவேன் என்றார்.

"அப்ப நீங்க எங்களைப் பார்ப்பீங்களா?"

"அதுதான் கஷ்டம். நான் பார்க்க முடியாது."

அதில் அவர் ஒரு பணக்கார வீட்டு வேலைக்காரி. வாரத்துக்கு ஒருநாள் தட்டோடு வந்து விழுவார். விழுந்தபின் இடது கால் மட்டும் தனியாகத் துடிக்கும். அதுதான் அவருடைய சொந்தச் சரக்கு. அந்தக் காலுக்காகவே ஊர்ச் சனம் காத்திருக்குமாம். எல்லாம் அங்கேயே அப்போதே நடப்பது. தப்புப் போனால் அழித்து எழுத முடியாது. எதிரே கொஞ்சம் பேரைச் சிரிக்க உட்கார வைத்திருப்பார்கள். அவர்கள் சிரிக்கிற சத்தம்தான் இவருக்கு வழிகாட்டி.

ஒருவாரம் விழுந்தார். கால் துடித்தது. யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் விழுவதற்கு முன்னால் யோசித்துவிட்டார். "யோசித்து விழுந்தால் அடிதான் படும்," என்று முழங்கையைக் காட்டினார். தழும்பு இருந்தது. டெலிவிஷன் கம்பெனிக்காரர்கள் ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். திரும்பக் கூப்பிடுவதா வேண்டாமா என்று கடிதம் போடுவார்களாம்.

ஆக, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேர் ஆளுக்கொரு கடிதத்துக்காக உட்கார்ந்திருந்தோம். எனக்காவது என்ன வேண்டும் என்று தெரியும். அவருக்கு அதுவும் தெரியவில்லை. "கூப்பிட்டால் பயம், கூப்பிடாவிட்டாலும் பயம். எனக்கு இன்னும் சிரிக்க வைக்க வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்பார். நான் தையல் டீச்சரிடம் வந்த ரவிக்கைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருப்பேன்.

இல்டாயி அழுத அழுகை

இனி அந்தக் காதுகுத்து.

செல்லாயி அக்காவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். குஜிலியம்பாறைக்குப் பக்கத்தில் வானம் பார்த்த காடு, ஒரு கிணறு, கிணற்றடியில் இரண்டு பாத்தி கனகாம்பரம். மூன்று பிள்ளைகளை வயிற்றிலேயே தோற்றவர். நாலாவதைப் பெரிய மிஸ்ஸி பகல் முழுக்கப் போராடித் தாயும் பிள்ளையுமாகப் பிழைக்க வைத்தார். அந்தப் பெண் குழந்தைக்கு ஹில்டா என்றே பேர் வைத்தார்கள். ஊர் வாயில் அது இல்டாயி ஆகிவிட்டது.

இரண்டு வயதில் காதுகுத்து. பெரிய மிஸ்ஸிக்கு அன்றைக்குக் கேஸ் இருந்தது. என்னையும் தங்கையையும் அனுப்பினார். பஸ்ஸை விட்டு இறங்கி மாட்டு வண்டியில் போனோம்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஆசாரி ஒரு காதைக் குத்தினார். இல்டாயி ஒரு அழுகை அழுதாள் பாருங்கள். அடுத்த காதுக்கு அழுகையே வெளியில் வரவில்லை, மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது. உதடு நீலம் பாரித்தது. ஊதுகிறார்கள், முதுகைத் தட்டுகிறார்கள், ஒருத்தர் கிலுகிலுப்பை ஆட்டுகிறார். செல்லாயி அக்கா முகத்தில் ரத்தமே இல்லை.

நோரா மிஸ்ஸி எழுந்தார். "அருள், இதை நிறுத்த எனக்குத் தெரியும்," என்றார். பானகத் தட்டோடு வந்த பெண்ணின் கையிலிருந்து தட்டை வாங்கினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. 'மிஸ்ஸி இப்ப ஒரு வேடிக்கை காட்டப் போறாங்க, எல்லாரும் பாருங்க' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. தையல் டீச்சர் எதற்கு வேடிக்கை காட்ட வேண்டும் என்று கேட்பார்களே என்ற யோசனையும் கூடவே வந்தது. யோசித்து முடிப்பதற்குள் அவர் விழுந்துவிட்டார்.

யோசிக்காமல் விழுந்தார். அது எனக்கே தெரிந்தது. அவ்வளவு அழகாக ஒரு மனுஷி விழுந்து நான் பார்த்ததில்லை.

இல்டாயி மூச்சை இழுத்து, வாயைத் திறந்தபடி பார்த்தாள். குழந்தை பிழைத்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை. எப்படி வரும்? வீட்டுக்கு வந்த விருந்தாளி விழுந்தால் எங்கள் பக்கம் சிரிக்க மாட்டார்கள். கண் செருகிக் காலும் துடித்தால் அதற்கு ஒரே ஒரு பேர்தான். லண்டனையே சிரிக்க வைத்த அந்த இடது கால்தான் இங்கே ஊரையே நடுங்க வைத்தது.

பூட்டு கைக்கு வந்ததும் மிஸ்ஸி ஒரு கண்ணைச் சன்னமாகத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஏன் சிரிக்கவில்லை?" என்றார், இங்கிலீஷில், உதடு அசையாமல்.

"வலிப்பு என்று நினைக்கிறார்கள். எழுந்திருங்கள்."

"எழுந்து? நீ என்ன சொல்லுவாய்?"

என் கண்ணுக்கு முன்னால் மதுரையும் பைபிளும்தான் தெரிந்தன. அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் செல்லாயி அக்காவைப் பார்த்தார். அக்கா அழுதுகொண்டிருந்தார். "எம் பிள்ளைக்கு வந்த மூச்சடைப்பத் தான் வாங்கிக்கிட்டு இவ விழுந்துட்டாளே," என்று பூட்டை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்.

மிஸ்ஸி மெதுவாகக் காலை நிறுத்தினார். கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறேன் என்று கேட்கிற மாதிரிச் சுற்றிலும் பார்த்தார். வலிப்பு தெளிந்து எழுகிறவர்கள் எப்படி எழுவார்கள் என்று பிற்பாடு நூறு பேரைப் பார்த்திருக்கிறேன். அவர் எழுந்ததில் ஒரு குறை சொல்ல முடியாது.

சாவி யாரிடம்

வண்டியில் வைக்கோல் பரப்பி, படுக்க வைத்து, சோடா உடைத்துக் கொடுத்து, நெற்றியில் திருநீறு அப்பி அனுப்பினார்கள். வழி நெடுகப் பூட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி வந்தார். "அங்கே அவர்கள் நம்பவில்லை. இங்கே ரொம்ப நம்பிவிட்டார்கள்," என்றார். அதற்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் மாட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெரிய மிஸ்ஸி எல்லாவற்றையும் கேட்டார்.

"வியாதி என்றே இருக்கட்டும்," என்றார். "வியாதிக்கு ஒருவரும் கதவடைக்க மாட்டார்கள்."

அக்காவும் தங்கையும் அதற்குப் பின் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலையில் செல்லாயி அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார். பூட்டைத் திரும்ப வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எடுத்து நீட்டினேன். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, மிஸ்ஸி மடியிலேயே வைத்தார். சாவியைத் திரும்ப இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

தீராத கஷ்டம் வந்தால் முனியப்பன் கோயில் வேலில் பூட்டை மாட்டிவிட்டு வருவது எங்கள் பக்கத்து நேர்த்தி. கஷ்டத்தைப் பூட்டியாயிற்று என்று அர்த்தம். அக்கா அதைத் தன் போக்கில் கொஞ்சம் மாற்றியிருந்தார்.

"பூட்டைச் சாமிகிட்ட மாட்டிட்டா இவ கைக்கு இரும்பு வேணாமா? அதான் நோயை இதுலேயே பூட்டிட்டேன். சாவி எங்கிட்ட கெடக்கட்டும். குணமாச்சுன்னு சேதி வர்ற அன்னிக்கு வந்து தொறக்குறேன். அதுவரைக்கும் தலையில பூ வைக்கிறதில்லன்னு முனியப்பன்கிட்ட நேந்திருக்கேன்."

"அக்கா, பூவா?"

"பின்ன என்னத்த விட? எங்கிட்ட வேற என்ன இருக்கு? இவ அக்கா என் உசுரக் குடுத்தா. இவ என் பிள்ளை உசுரக் குடுத்தா."

தாலி கட்டிய பெண், வீட்டில் இரண்டு பாத்தி கனகாம்பரம் பூத்துக்கிடக்க, வெறும் தலையோடு நடந்தால் ஊர் என்னவெல்லாம் பேசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வாயைத் திறந்திருக்க வேண்டியது அப்போதுதான். திறக்கவில்லை. ஒரு மாதம் வைக்காமல் இருப்பார், அப்புறம் மறந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிஸ்ஸிக்கு நான் மொழிபெயர்த்தபோது பூவை விட்டுவிட்டேன். பூட்டை மட்டும் சொன்னேன்.

வராந்தாவில் ஒரு சிரிப்பு

சாவி இல்லாத பூட்டை என்ன செய்வது? மிஸ்ஸி அதைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

ஒருநாள் காலையில் வராந்தாவில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இவர் படிக்கட்டில் உட்கார்ந்து கொண்டை ஊசியால் அந்தப் பூட்டைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. ஸ்பூனால் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். அதட்டினார். கொஞ்சினார். முதுகைத் திருப்பிக்கொண்டு கோபித்தார், ஓரக்கண்ணால் பூட்டு சமாதானத்துக்கு வருகிறதா என்று பார்த்தார். கடைசியில் அதன் வளையத்துக்குள் தன் சுண்டுவிரல் மாட்டிக்கொள்ள, அதை எடுக்கப் பூட்டிடமே கெஞ்சினார்.

பூட்டு ஊர்க்காரர்கள் நாங்கள். வீட்டுக்கு வீடு பூட்டோடு பிழைப்பு. முதலில் காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு கிழவர் குலுங்கினார். "ஏலே, மாமியாகிட்ட சாவி கேக்குற மருமக மாதிரியே இருக்குல," என்றார். ஒரு நிறைமாதப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா போதும், இங்கேயே பெத்துருவேன்," என்றாள். வராந்தா முழுக்கச் சிரிப்பு.

மிஸ்ஸி விரலை விடுவித்துக்கொண்டு எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். தோள் இரண்டும் குலுங்கின. சிரித்தாரா அழுதாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பின்னால் பெரிய மிஸ்ஸி கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனிக் கடிதம் வந்தது. திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். பூட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார்.

எனக்கும் என் கடிதம் கிடைத்தது. மதுரைக்குப் போனேன். வலிப்புக்காரர் கையில் இரும்பு கொடுப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அங்கே வகுப்பில் சொன்னார்கள். எனக்கு மட்டும் அந்த இடத்தில் தலை நிமிரவில்லை.

ஏழு வருஷம்

படித்து முடித்து, வேறு ஊர்களில் வேலை பார்த்து, திரும்ப அதே ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து சேர்ந்தபோது ஏழு வருஷம் ஓடியிருந்தது. முதல் வாரமே வரிசையில் செல்லாயி அக்கா. தலை வெறும் தலை.

"என்னக்கா பூ?" என்று கேட்டேன். தெரியாத மாதிரி.

"சேதி வரலையே தாயி. ஏதும் வந்துச்சா?"

அன்றைக்கு ஒரு ஊசியை இரண்டு தரம் தப்பாகக் குத்தினேன்.

பெரிய மிஸ்ஸியிடம் போய் நின்றேன். அவருக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்துக் கொடுத்தார். படத்தில் நோரா மிஸ்ஸி. வேலைக்காரி உடுப்பு, தலையில் குல்லாய், கையில் அதே மாங்காய்ப் பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்க முடியாமல் அவர் வாராவாரம் படுகிற பாட்டைத்தான் அந்தத் தேசமே உட்கார்ந்து பார்க்கிறதாம்.

"சொல்லிவிடட்டுமா அம்மா?"

"உன்னை நான் விடுவிக்கிறேன். ஏழு வருஷம் பயந்திருந்தேன், அருளாயி. நீயாவது போய்ச் சொல்."

போனேன். செல்லாயி அக்கா முற்றத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். உள் அறைக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். இல்டாயி காதில் தோடு மினுங்கப் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படத்தைக் கொடுத்தேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் பூட்டைக் கையிலயே பிடிச்சிருக்காளே," என்றார். "பாவம். இன்னும் குணமாகல."

எல்லாவற்றையும் சொன்னேன். நடிகை என்றேன், விழுவதுதான் தொழில் என்றேன், கால் துடித்தது வேடிக்கைக்கு என்றேன், சத்தியம் என்றேன், மதுரை என்றேன். கடலை உரிக்கிற சத்தம் நிற்கவே இல்லை.

"அவ நடிச்சா," என்றார் கடைசியில். "பெரிய மிஸ்ஸி மறச்சா. நீ வாயத் தொறக்கல. நான் ஒருத்திதான் நெசமா இருந்திருக்கேன்."

"மன்னிச்சிருங்கக்கா."

"நோயே இல்லைன்னா நான் விட்ட பூவெல்லாம் எந்தக் கணக்குல போச்சு? யாருக்குப் போச்சு? நீ படிச்சவ, சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

அக்கா முறத்தைத் தள்ளி வைத்தார். "அன்னிக்கு எனக்கு ஒண்ணும் பாக்கத் தோணல. எப்படித்தான் விழுந்தா? செஞ்சு காட்டு."

"நானா?"

"பின்ன, லண்டன்லருந்தா வரச் சொல்ல?"

வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை, நர்ஸம்மா. உள்ளே போய் அதே பித்தளைத் தட்டை எடுத்துவந்தேன். நாலு லோட்டா வைத்தேன். நடந்தேன். விழுந்தேன். முதுகில் நல்ல அடி. கண்ணைச் செருகி, இடது காலைத் துடிக்க விட்டேன்.

அமைதி. செருகிய கண் ஓரத்தில் பார்த்தேன். அக்காவின் கை இடுப்புச் சாவிக்குப் போய் நின்றிருந்தது. மறுபடியும் வலிப்பென்று இரும்பு தேடுகிறாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

முதலில் சிரித்தது இல்டாயி. அதற்கு அப்புறம் அக்கா. சிரித்தார், சிரித்தார், மூச்சு முட்டச் சிரித்தார். "அட கூறுகெட்டவளே, அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே சிரிச்சிருப்பேன்ல," என்று கடலைத் தொலியை அள்ளி என் மேல் எறிந்தார். சிரித்த கண்ணைத் துடைக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

அப்புறம் மகளைக் கிணற்றடிக்கு அனுப்பினார். கனகாம்பரம் வந்தது. கட்டித் தலையில் வைக்கப் போனார், நிற்கவில்லை, சரிந்தது. ஏழு வருஷத்தில் தலைமுடி பாதியாகியிருந்தது. நான்தான் என் கொண்டை ஊசியைக் கழற்றிச் செருகிவிட்டேன்.

"சாவியைக் குடுங்கக்கா. பார்சல்ல அனுப்பிருதேன்."

அவர் சாவியை அவிழ்த்துக் கையில் வைத்துப் பார்த்தார். திரும்பவும் இடுப்பிலேயே கட்டிக்கொண்டார்.

"வேணாம். தொறந்துட்டா அவ பொழப்பு போயிரும்ல."

அந்த வாரமே நோரா மிஸ்ஸிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். பூவைப் பற்றியும் எழுதினேன். நீங்கள் அன்றைக்கு விழுந்ததற்குச் செல்லாயி அக்கா இப்போது வயிறு வலிக்கச் சிரித்தார், நான் கண்ணால் பார்த்தேன் என்று எழுதினேன்.

விழுந்து காட்டியது நான் என்பதை எழுதவில்லை. பேனாவை அந்த இடத்தில் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் கவரை ஒட்டிவிட்டேன்.